சொக்கற்றுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

சுன்னாகத்திலிருந்து:
வணக்கம். வீட்டிலேயே வண்டி திருத்தப் பழகுபவர்களின் மாலை வகுப்புக்குக் கைந்நூல் எழுதுகிறேன். நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் கிண்ணம் போன்ற கருவிதான் சொக்கற்; நல்லது பார்த்து வாங்குவது எப்படி என்ற பாடத்தில் நிற்கிறேன். முதலில் வாயின் உட்புறம் ஆறு முனையுள்ளதை வாங்க வேண்டும். பன்னிரு முனை இடுக்குக்குள் வசதி, ஆனால் துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும். கையால் திருகக் குரோம் வனேடியம் கலந்த உருக்கு போதும். காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் துப்பாக்கிக்கு, பெரும்பாலும் கறுப்பாக வரும் குரோம் மொலிப்டினம்தான்; பளபளப்பானதைப் போட்டால் வெடித்துச் சிதறலாம். இதில் வரிக்கு வரி சொக்கற் வருகிறது. தமிழ் சொல்லுங்கோ.

நல்லூரிலிருந்து:
குதை. வில்லில் நாணைக் கொளுவும் இடம். மின்சாரப் பாடத்தில் செருகியும் குதையும் படித்தோமே. குழி, குடை, குவளை, குதிர் எல்லாம் உட்குழிவைச் சுட்டும் ஒரே வேரில் வந்தவை என்பது என் துணிபு. குடைதல் என்றாலே உள்ளே தோண்டுவதுதானே.

ரொறன்ரோவிலிருந்து:
அப்ப குதிரையும் அந்த வேரோ?

மதுரையிலிருந்து:
கிண்ணச்சாவி என்று வையுங்கள். பார்த்ததும் புரியும்.

நல்லூரிலிருந்து:
சாவி போர்த்துக்கீசம். எங்களுக்குத் திறப்பு.

மதுரையிலிருந்து:
நட்டை யாரய்யா திறக்கிறார்கள்? மேசை, அலுமாரி, யன்னலும் போர்த்துக்கீசம்தான். நல்லூரில் அதையெல்லாம் கழற்றி வெளியே வைத்தாயிற்றா?

கொக்குவிலிலிருந்து:
வண்டி திருத்தும் கராச்சில் நிற்கிற ஆளாகச் சொல்கிறேன், தம்பி. கையில் கிறீசோடு நிற்கிற பெடியன் 'பதின்மூன்றாம் குதையை எடு' என்று கேட்க மாட்டான். சொல்லை விடும், அளவை ஒழுங்காய் எழுதும். பழைய ஒஸ்ரின் காரில் அரை இஞ்சி நட்டுக்கு 13 மில்லிமீற்றரைப் போடுவார்கள். அரை இஞ்சி 12.7 தான். இறுகிப்போன நட்டில் அந்த 0.3 போதும், மூலை போய்விடும். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மூலை போன நட்டுக்குப் பதில் நட்டு எங்கே தேடுவது?
இன்னொன்று. வாங்கும்போது வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லும். மலிவுச் சாமானில் விளிம்பு உள்நோக்கி நன்றாகச் சரிந்திருக்கும். மெல்லிய நட்டென்றால் அந்தச் சரிவிலேயே நின்றுவிடும், பிடிமானம் இராது.

நல்லூரிலிருந்து:
அண்ணை, நட்டு என்கிறீர்கள். சுரை இருக்கிறதே.

ரொறன்ரோவிலிருந்து:
சுரையின் உள்ளே இருப்பது மரையா, மறையா? கழன்றவனைப் பற்றிச் சொல்லும்போது எதை எழுதுவது?

நல்லூரிலிருந்து:
மரை. மறை என்றால் வேதம். அது கழலாது.

மதுரையிலிருந்து:
எங்கள் பட்டறைகளில் அது தினமும் கழல்கிறது.

சுன்னாகத்திலிருந்து:
போதும் ஐயாமாரே, அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். குதைக்குத்தான் ஆதரவு கூட என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை 'குதை எனப்படும் சொக்கற்', அப்புறம் குதை. படங்களின் கீழே சொக்கற் மட்டும். கடையில் காட்டிக் கேட்க அதுதான் உதவும். நட்டு நட்டாகவே இருக்கட்டும்.

நல்லூரிலிருந்து:
சுரையைக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை. சான்றுகளோடு தனி மடல் வரும்.

கொக்குவிலிலிருந்து:
எதையாவது போடும். விளிம்புச் சரிவை விட்டுவிடாதேயும்.