160 மீட்டர் ஹாம் ரேடியோ பேண்டில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1, ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லை. ரேடியல் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுகிறது. உதவி தேவை

புதுக்கம்பி:
வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

160 மீட்டருக்காக ஒரு இன்வெர்ட்டட் எல் (தலைகீழ் L வடிவக் கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். கம்பி 12 மீட்டர் ஃபைபர் கம்பத்தில் செங்குத்தாக ஏறி, அங்கிருந்து சுமார் 27 மீட்டர் படுக்கையாகப் போய், எதிர்க்கோடி மரத்தில் முடிகிறது. அடியில் தரையில் விரித்த ரேடியல் (ஆன்டெனாவின் தரைப்பக்கக் கம்பி) 4, ஒவ்வொன்றும் 20 மீட்டர். பவர் 100 வாட். 1.830 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது 50 ஓம் ரிக்கோடு (டிரான்ஸ்சீவரோடு) ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1.1 (1 என்றால் முழுப் பொருத்தம்). அதுவும் ஒரு புள்ளியில் மட்டும் இல்லை, 130 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 2-க்குள்ளேயே நிற்கிறது. இதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. எனக்குத் தெளிவாகக் கேட்கும் நிலையங்கள்கூட என்னை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் பதில் சொல்கின்றன. போன ஞாயிறு மதியம் தொடங்கி நள்ளிரவு வரை சிடபிள்யூவில் (மார்ஸ் குறியில்) சிக்யூ (பொது அழைப்பு) போட்டேன், ஒருவரும் வரவில்லை. இதே ரிக்கை 9 மீட்டர் உயரத்தில் இருக்கும் 80 மீட்டர் பேண்டுக்கான டைபோல் ஆன்டெனாவில் மாட்டினால் தினமும் நல்ல ரிப்போர்ட் கிடைக்கிறது.

ரேடியல் போதாது என்று ஒருவர் சொன்னதால் 10 மீட்டர் நீளத்தில் இன்னும் 8 போட்டேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.6 ஆகிவிட்டது! கெடுத்துவிட்டோமோ என்று பயந்து மறுநாளே சுருட்டி எடுத்துவிட்டேன். இது போக, மழை பெய்தால் எஸ்.டபிள்யூ.ஆர். நிலையாக நிற்பதில்லை. இரவில் இரைச்சலும் எஸ்7-க்குக் (ரிசீவர் மீட்டர் காட்டும் பல அளவு) கீழே இறங்குவதே இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

மார்ஸ்விசை:
ஓ.எம். (நண்பரே), முதலில் ஒன்று: மதியம் 160-ல் சிக்யூ போட்டுப் பலனில்லை. பகலில் சூரிய ஒளி உருவாக்கும் டி அடுக்கு (அயனிமண்டலத்தின் கீழ் அடுக்கு), அலை மேலே போகும்போதும் கீழே வரும்போதும் உறிஞ்சிவிடும். அலைவரிசை குறையக் குறைய உறிஞ்சல் கடுமையாக ஏறும். 40 மீட்டர் பகலிலும் ஓடும், 80 தள்ளாடும், 160-ல் பக்கத்து ஊர்தான். சூரியன் மறைந்து டி அடுக்கு கரைந்த பிறகு உட்காருங்கள். விடியலுக்கு முந்தைய அரை மணியைத் தவற விடாதீர்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் ட்யூனர் (ரிக்குக்குப் பொருத்தம் காட்டும் பெட்டி) போட்டுச் சரிசெய்துவிடலாமே.

நீளக்கம்பி:
ட்யூனருக்கு முன்னாடி வேற ஒண்ணு பேசணும். புதுக்கம்பி, நீங்க சுருட்டி எடுத்த அந்த 8 ரேடியல்தான் இந்த மூணு வாரத்துல நீங்க செஞ்ச ஒரே சரியான காரியம். இன்னைக்கே திரும்பப் போடுங்க.

காரணம் சொல்றேன். கால் அலை நீளத்துல முழுசும் செங்குத்தா நிக்கிற கம்பிக்கு, கீழே தரை பிரமாதமா இருந்தா, ஃபீட் பாயிண்ட்ல (கோஆக்ஸ் கேபிள் ஆன்டெனாவோட சேர்ற இடம்) சுமார் 36 ஓம் வரும். 1.83 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலைன்னா கிட்டத்தட்ட 40 மீட்டர். உங்க கம்பி நிமிர்ந்து நிக்கிறது 12 மீட்டர்தான். அந்தப் பகுதியோட கதிர்வீச்சு எதிர்ப்பு (அலையா வெளியே போற பவரோட பங்கு) 7 ஓம் அளவுக்குத்தான் வரும். படுத்திருக்கிற பகுதி ஒத்ததிர்வுக்கு உதவும், கொஞ்சம் மேல்நோக்கி வீசும், தாழ்ந்த கோணத்துல அதுக்குப் பெரிய பங்கு கிடையாது.

இப்ப யோசிங்க. 7 ஓம் காட்ட வேண்டிய இடத்துல மீட்டர் ஏன் 50-க்குப் பக்கத்துல காட்டுது? மீதி 40 ஓமும் மண்ணு. ரேடியல் கம்மியா இருக்கிறதால திரும்பி வர்ற மின்னோட்டம் மண்ணு வழியா ஓடி, மண்ணைச் சூடாக்குது. 100 வாட்ல 15, 16 வாட்தான் வானத்துக்குப் போகுது. ரேடியல் சேர்த்தா மண்ணோட பங்கு குறையும், மொத்த எதிர்ப்பு இறங்கும், 50-லேர்ந்து விலகும். அதனால எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். ஏறினது நல்ல சேதி.

டம்மி லோடும் (பவரை வெறும் சூடாக்குற சோதனை ரெசிஸ்டர்) 1.0 காட்டும், எல்லா பேண்ட்லயும் காட்டும். அதை ஆன்டெனான்னு யாரும் சொல்றதில்ல. நீங்க சந்தோஷப்பட்ட அந்த 130 கிலோஹெர்ட்ஸ் அகலமும் இதே நோயோட அறிகுறிதான். இவ்வளவு குட்டையான ஆன்டெனா அவ்வளவு அகலமா இருக்கக் கூடாது.

அனலைசர் இருந்தா கோஆக்ஸைக் கழட்டிட்டு நேரா ஃபீட் பாயிண்ட்ல மாட்டி, ரியாக்டன்ஸ் பூஜ்யமாகிற (ஒத்ததிர்வு) அலைவரிசையில எதிர்ப்பு எத்தனை ஓம்னு பாருங்க. ரிக் பக்கத்துல அளந்தா கோஆக்ஸ் இழப்பு நடுவுல புகுந்து எல்லாத்தையும் அழகாக் காட்டிடும். எஸ்.டபிள்யூ.ஆர். வேண்டாம், ஓம் கணக்கு எழுதுங்க.

புதுக்கம்பி:
நன்றி சார். இன்று காலை அளந்தேன். 4 ரேடியலோடு 45 ஓம். 8-ஐயும் திரும்பப் போட்டதும் 31 ஓம். நீங்கள் சொன்ன மாதிரியே இறங்கியது!

இன்னும் எத்தனை போடுவது? கையில் 120 மீட்டர் பழைய இன்சுலேட்டட் கம்பி இருக்கிறது. 40 மீட்டரில் 3 வெட்டவா?

நீளக்கம்பி:
வேண்டாம். 10 மீட்டர்ல 12 வெட்டுங்க. தரையில கிடக்கிற ரேடியல் மண்ணோட ஒட்டி அதோட ஒத்ததிர்வை இழந்துடும், அதனால கால் அலை நீளத்துக்கு அளந்து வெட்டறதுல அர்த்தமில்ல. மின்னோட்டம் அதிகமா ஓடறது கம்பத்துக்குப் பக்கத்து மண்ணுல. அங்கே கம்பி நெருக்கமா இருக்கணும். பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூணு பேரும் 1937-ல அளந்து வெளியிட்டது இதைத்தான்: ரேடியல் எண்ணிக்கை குறைவா இருந்தா நீளத்தைக் கூட்டிப் பெரிய லாபமில்ல. ஒலிபரப்பு நிலையங்கள் 120 ரேடியல் புதைக்கிற வழக்கமும் அந்த அளவீடுகள்லேர்ந்து வந்ததுதான். நமக்கு அத்தனை வேண்டாம், 20-க்கு மேல போயிட்டாலே வித்தியாசம் நல்லாத் தெரியும்.

தரையைத் தோண்ட வேண்டியதில்ல. பழைய கம்பித் துண்டை யு வடிவத்துல வளைச்சு, மீட்டருக்கு ஒண்ணா ஊசி மாதிரி குத்தி அழுத்திடுங்க. ஒரு மழைக்காலத்துல புல் மேல வளர்ந்து கம்பியே கண்ணுக்குத் தெரியாது.

மழை விஷயத்துக்கு வர்றேன். மரத்துல கட்டின முனை இலையைத் தொடுதா? போய்ப் பாருங்க. அந்த முனையில மின்னோட்டம் இல்ல, ஆனா மின்னழுத்தம் உச்சம். 100 வாட்டுக்கே ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். அனுப்பும்போது யாரையும் பக்கத்துல விடாதீங்க.

புதுக்கம்பி:
ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன் (ரிக்கை அணைத்துவிட்டுத்தான்). கம்பி முனை ஒரு கிளைக்குள் நுழைந்து நின்றது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தது, மற்ற இலைகள் பச்சை. இன்சுலேட்டரை 2 மீட்டர் முன்னால் இழுத்து, மரத்துக்கும் அதற்கும் நடுவே நைலான் கயிறு கட்டிவிட்டேன். நேற்று இரவு மழையில் எஸ்.டபிள்யூ.ஆர். அசையவில்லை.

12 ரேடியலும் போட்டாயிற்று, மொத்தம் 24. இப்போது 22 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர். 2.3. ரிக் பவரைக் குறைத்துக்கொள்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

நீளக்கம்பி:
அருமை! 45-லேர்ந்து 22. கதிர்வீச்சு எதிர்ப்பு அதே 7 தான், ஆக வெளியே போற பவர் இரண்டு மடங்கு ஆகியிருக்கு. 3 டெசிபல். ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே கிடைச்சது.

பொருத்தத்துக்கு இரண்டு வழி. 2.25:1 அன்அன் (ஓமை மாத்துற டிரான்ஸ்ஃபார்மர்) சுத்தினா 50-ஐ 22-க்கு இறக்கிடும். நான் இதைவிட ஷண்ட் காயிலைத்தான் விரும்புவேன். ஒரே காயில், இழப்பு குறைவு, கம்பியில சேர்ற நிலைமின்சாரத்தையும் தரைக்கு இறக்கிடும். கணக்கு இது: கம்பியை ஒரு மீட்டர் அளவுக்குக் குறைச்சீங்கன்னா ஃபீட் பாயிண்ட்ல 25 ஓம் கொள்ளளவு ரியாக்டன்ஸ் வரும். வெட்டாதீங்க, முனையைத் திருப்பி மடிச்சு அதே கம்பி மேல சுத்துங்க. அப்புறம் ஃபீட் பாயிண்ட்லேர்ந்து ரேடியல் தட்டுக்குக் குறுக்கே 3.9 மைக்ரோஹென்றி காயில். 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய்ல தடிச்ச செம்புக் கம்பி 11 சுத்து, 50 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரவினா கிட்ட வந்துடும். சுத்துகளை விரல்ல நெருக்கியும் விலக்கியும் கடைசி அளவைப் பிடிங்க. பொருந்தின பிறகு அகலம் பாதியாகும், கவலைப்படாதீங்க.

கோஆக்ஸ் ஃபீட் பாயிண்ட்டை விட்டுக் கிளம்புற இடத்துல ஒரு சோக் கட்டாயம் போடுங்க. 31 எண் ஃபெரைட் பெரிய வளையத்துல மெல்லிய கோஆக்ஸ் 12 சுத்து. இல்லன்னா கோஆக்ஸோட வெளியுறை இன்னொரு ரேடியலா மாறி, வீட்டு இரைச்சலை எல்லாம் ஆன்டெனாவுக்குக் கொண்டுவரும்.

இரவுப்பறவை:
அனுப்பும் பக்கம் சரியாகிவிட்டது. கேட்கும் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்றுதான் எழுதுகிறேன். எஸ்7 இரைச்சலோடு 160-ல் உட்கார்ந்தால், உங்களைக் கூப்பிடுகிறவரும் உங்களுக்குக் கேட்க மாட்டார். அன்று சிக்யூவுக்குப் பதில் வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ரிக்கை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எல்இடி டிரைவர், சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். ஒவ்வொரு சுற்றாகப் போட்டால் பிடிபடும்.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத் தனி ரிசீவ் ஆன்டெனா. ஹெரால்ட் பெவரேஜ் கண்டுபிடித்த நீள்கம்பிக்கு ஒரு அலைநீளம், அதாவது இந்த பேண்டில் 160 மீட்டர் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் ஒரு மீட்டர் விட்டமுள்ள சிறு லூப்பும் ப்ரீஆம்ப்ளிஃபையரும் போதும். லூப் பிடிக்கும் சிக்னல் மிகச் சிறியது, ஆனால் பூஜ்யத் திசையை இரைச்சல் வரும் பக்கம் திருப்பிவிட்டால் இரைச்சல் அதைவிட அதிகமாக விழும். நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான். அனுப்பும் கம்பத்திலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள், அனுப்பும்போது ப்ரீஆம்ப்ளிஃபையர் துண்டிக்கப்பட வேண்டும்.

இடி இரைச்சலுக்கு மட்டும் மருந்தில்லை. தொலைதூரப் புயலின் வெடிப்பும் இரவில் அயனிமண்டலம் வழியாக வந்துசேரும். பக்கத்திலேயே இடி என்றால் கோஆக்ஸைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

புதுக்கம்பி:
மெயினை அணைத்ததும் எஸ்7 எஸ்4 ஆனது! மாடிப்படி எல்இடி விளக்கின் டிரைவர்தான் பெரும்பங்கு. மாற்றிவிட்டேன். லூப் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். 80 மீட்டரில் 200 கிலோமீட்டர் தூரத்து நண்பர்கள் முன்னிரவில் பலமாக இருக்கிறார்கள். அதிகாலை 3 மணிக்கு அவர்கள் மட்டும் காணாமல் போகிறார்கள், தூரத்து நிலையங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. டைபோலிலும் கோளாறா?

மார்ஸ்விசை:
டைபோல் நன்றாகத்தான் இருக்கிறது. 9 மீட்டர் என்பது 80-ல் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் பெரும்பகுதி நேர்மேலே போகிறது. அயனிமண்டலத்தின் மேல் அடுக்கான எஃப்2 அதைத் திருப்பி அனுப்பும் வரை 200 கிலோமீட்டர் பிரமாதம். இரவு முழுக்க அந்த அடுக்கு தேய்ந்துகொண்டே வரும், விடியலுக்கு முன்னால்தான் மிக மெலியும். அதன் உச்ச அலைவரிசை 3.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் நேர்மேலே போகும் அலை துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்ந்து போகும் அலை மட்டும் திரும்பும், அதனால்தான் தூரத்தவர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நண்பர்களை 160-க்கு வரச் சொல்லுங்கள். உங்கள் எல்-இன் படுக்கைப் பகுதி அதற்கு நன்றாக உதவும்.

ட்யூனர் பற்றி நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ட்யூனரோடு நின்றிருந்தால் நீங்கள் சுருட்டி எடுத்த 8 ரேடியலையும் இழந்திருப்போம்.

புதுக்கம்பி:
காயில் போட்டாயிற்று. 11 சுற்று கொஞ்சம் அதிகம், ஓரச் சுற்றுகளை விரித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 வந்தது. 2-க்குள் நிற்கும் அகலம் இப்போது 65 கிலோஹெர்ட்ஸ்தான். முன்பாக இருந்தால் இதைப் பார்த்து வருந்தியிருப்பேன்.

நேற்று லூப்பில் கேட்டுக்கொண்டு, விடியலுக்கு 25 நிமிடம் முன்னால் சிக்யூ போட்டேன். மூன்றாவது முறை, இரைச்சலுக்கு அடியிலிருந்து மெதுவாக என் அழைப்புக்குறியின் கடைசி இரண்டு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும் வந்தது. இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். அவர் எனக்கு 449 (தெளிவு 4, பலம் 4, தொனி 9) கொடுத்தார், நான் 559 கொடுத்தேன். கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் வெளிச்சம் வந்தது, அவர் இரைச்சலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

எல்லோருக்கும் 73 (வாழ்த்துகள்). மீதிக் கம்பி கிடைத்ததும் இன்னும் 8 ரேடியல் போட்டு, ஓம் கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.