செவ்வியல் நூலையும் பொழுதுபோக்கு நூலையும் எதைக் கொண்டு பிரிக்கிறோம்?

கேள்வி:
பல இலட்சம் பேர் விரும்பிப் படித்த ஒரு நாவலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, சிலரே படித்த மற்றொன்றைச் செவ்வியல் படைப்பு என்று போற்றுகிறோமே, இதை எப்படித் தீர்மானிக்கிறோம்? காலம்தான் அளவுகோல் என்றால், இன்று வெளிவரும் நூலைப் பற்றி எதுவும் சொல்லவே இயலாதா?

மறுமொழி 1:
விற்பனை எதற்கும் சான்றாகாது. இன்று செவ்வியல் படைப்பாளியாகப் போற்றப்படும் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவல்களைத் தொடர்களாக வெளியிட்டு, வாழ்ந்த காலத்திலேயே பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலோ சரியாக விற்காமல், அவர் 1891இல் மறைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்த பிறகே பெரும் படைப்பாக ஏற்கப்பட்டது.

மறுமொழி 2:
மறுவாசிப்பையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் மட்டுமே இழுத்துச் செல்லும் நூலுக்கு, முடிவு தெரிந்தபின் திரும்பிச் செல்லக் காரணம் இருப்பதில்லை. முடிவு தெரிந்தே படிக்கும்போதும், முன்பு வெறுத்த ஒரு பாத்திரத்தின் பக்கம் உள்ள நியாயம் புதிதாகப் புலப்படுமானால், அந்நூலில் கதையைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைக்கு நூறாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. (பொழுதுபோக்கு எழுத்தை இழிவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை, நம்மில் பலரை வாசிக்கப் பழக்கியது அதுவே.)

மறுமொழி 3:
மறுவாசிப்பு தனி வாசகரின் அனுபவம் அல்லவா? ஒரு நூல் அச்சில் நிலைப்பதற்குப் பாடத்திட்டக் குழுவினர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், திறனாய்வாளர் ஆகியோரின் தேர்வும் காரணமாகிறது. அவர்கள் கண்ணில் படாமல் மறைந்த நல்ல நூல்கள் எத்தனையோ இருக்கக்கூடும் என்பதால், இன்றைய பட்டியலை முடிந்த முடிபாக நான் கொள்ள மாட்டேன்.