வளர்ப்புக் குழந்தை, தத்துக் குழந்தை: சட்டத்தில் என்ன வித்தியாசம்?

கேள்வி:
ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்துக்கொள்வோம், ஒத்துவந்தால் அப்புறம் தத்தெடுத்துவிடலாம் என்கிறார் கணவர். ஒன்று மற்றதற்கு முதல் படிதானா?

பதில் 1:
இல்லைங்க. நானும் அந்த நினைப்போடுதான் போனேன்.

வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பையனை எடுத்தோம். எங்களிடம் வந்தபோது அவனுக்கு நாலு வயது. இரண்டாம் மாதமே விழுந்து கையை முறித்துக்கொண்டான். எலும்பைச் சேர்க்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று படிவத்தை நீட்டினார்கள். 'என்ன உறவு' என்ற கட்டத்தில் 'வளர்ப்புத் தாய்' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண், "தத்து உத்தரவு இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. அப்படியானால் என் கையெழுத்து செல்லாதாம். குழந்தைக்குப் பொறுப்பான அலுவலர் வந்து கையெழுத்துப் போடும்வரை அவன் என் மடியில்தான் இருந்தான், முறிந்த கையை இன்னொரு கையால் தாங்கியபடி.

தத்தெடுத்தவர், பராமரிப்பில் எடுத்தவர் என்று தமிழில் இரண்டு பேரையுமே வளர்ப்பு அம்மா என்றுதான் சொல்கிறோம். குழப்பமே அங்கேதான். தத்து உத்தரவு வந்துவிட்டால் பெற்றவர்களின் உரிமை முடிந்து, நீங்கள்தான் சட்டப்படி அம்மா அப்பா. குடும்பப் பெயர், சொத்துரிமை எல்லாம் பெற்ற பிள்ளைக்கு உள்ளபடியே. வளர்ப்புப் பராமரிப்பில் சோறு போடுவது, பள்ளிக்கு அனுப்புவது, ராத்திரி கண் விழிப்பது நாம். பெரிய முடிவுகள் பெற்றவர்கள் கையிலோ அரசின் கையிலோ. செலவுக்குப் பணம் தருவார்கள், வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக்கொண்டும் போவார்கள். முடிந்தவரை குழந்தையைப் பெற்றவரிடமே திருப்பி அனுப்புவதுதான் நோக்கம்.

எங்கள் பையன் ஆறு வயதில் அவன் அம்மாவிடம் போய்விட்டான். அவர் குணமாகிவிட்டார். நல்லதுதான். அவனுடைய ரப்பர் செருப்பை மட்டும் இன்னும் எடுத்துவைக்கவில்லை.

பதில் 2:
மேலே சொன்னது பொது விதி. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். இங்கிலாந்தில் வளர்ப்புப் பராமரிப்பாளருக்குப் பெற்றோர் பொறுப்பு கிடையாது; அன்றாட விஷயங்களில் முடிவெடுக்க மட்டும் அனுமதி தரலாம். பிரான்சில் தத்திலேயே இரண்டு வகை: முழுத் தத்து பழைய உறவை அறுத்துவிடும், எளிய தத்தில் அந்த உறவும் தொடரும். அமெரிக்காவில் 1997 சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வெளிப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை முடிக்கச் சொல்லி மாநிலம் பொதுவாக வழக்குப் போட வேண்டும் (விலக்குகள் உண்டு). அதன்பிறகு வளர்த்தவரே தத்தெடுப்பது அங்கே சகஜம். இந்தியாவிலும் 2024 வழிகாட்டுதல்படி, சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தையை இரண்டு வருடம் வளர்த்த குடும்பம் தத்துக் கேட்கலாம். முன்பு அது ஐந்து வருடம். ஆகவே உங்கள் கணவர் சொல்வது நடக்கவே நடக்காது என்றில்லை. அதை நம்பி இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
சரி, இன்னொன்று. வளர்ப்புப் பிள்ளைக்கு சொத்து எழுதிவைக்கலாமா?

பதில் 1:
உயில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் தானாகப் போய்ச் சேராது. அவனுக்கு ஒரு சின்னத் தொகை எழுதிவைத்திருக்கிறேன். உயிலில் உறவு என்ன என்று வக்கீல் கேட்டார். பெயரை மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.