கொருக்குப்பேட்டையில் 20×50 மனை: உயரக் கட்டுப்பாட்டுக்குள் எத்தனை மாடி போடலாம்?

கேள்வி – வடசென்னை_மனை

மனை 1000 சதுர அடி, தெரு அகலம் சுமார் 20 அடி. மழைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடம், அதனால் பேஸ்மட்டத்தை மூன்றடி தூக்கச் சொல்கிறார் மேஸ்திரி. முதலில் தரைத்தளமும் ஒரு மாடியும் போதும் என்றிருந்தோம். இப்போது வீட்டில் கார் நிறுத்த ஸ்டில்ட் (சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்), அதன் மேல் இரண்டு தளம் என்கிறார்கள். உயரக் கணக்கு எங்கிருந்து எதுவரை? ஹெட்ரூம் (மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் வரும் அறை), தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேருமா? தெருவில் 11 கே.வி. லைனும் போகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – மட்டப்பலகை

சார், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் 18.30 மீட்டர் வரை உயரமில்லாத கட்டடம்தான். உங்களுக்கு அந்த எல்லை பக்கத்திலேயே வராது. நீங்கள் பார்க்க வேண்டியது 7 மீட்டர். அதைத் தாண்டினால் பக்கத்தில் விட வேண்டிய செட்பேக் (மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விடும் காலி இடம்) கணக்கு மாறும். இருபதடி அகல மனையில் ஒரு பக்கம் ஓர் அடி போனாலே ஒரு பெட்ரூம் கட்டில் போட முடியாத அறையாகிவிடும்.

தரைத்தளம் + முதல் தளம் என்றால் கணக்கு இப்படி. பேஸ்மட்டம் 0.90, தளத்துக்குத் தளம் பத்தரை அடி, அதாவது 3.20. இரண்டு தளத்துக்கு 6.40. மொத்தம் 7.30, எல்லை தாண்டிவிட்டது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்தரை அடி என்பது மேஸ்திரியின் பழக்கம், விதி இல்லை. தளத்துக்குத் தளம் 2.95 வைத்துப் பாருங்கள்: 0.90 + 5.90 = 6.80. மொட்டை மாடியில் சுருக்கிக் கலவையும் தட்டோடும் 10 செ.மீ. வரும், 6.90.

உள்ளே உயரம் பற்றுமா என்றால், 2.95-இல் காங்கிரீட் தளம் 12.5 செ.மீ., டைல்ஸும் அதன் அடிக்கலவையும் 5, சீலிங் பூச்சு 1. மிச்சம் 2.765. வசிக்கும் அறைக்கு 2.75 வேண்டும், ஒன்றரை சென்டிமீட்டர்தான் கையில் இருக்கிறது. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

ஸ்டில்ட் போட்டால் 7-க்குள் வரவே வராது. தரையை ஓரடி தூக்கினால் 0.30, பீமுக்குக் கீழ் 2.20, பீமும் டைல்ஸும் சேர்த்து 0.50. முதல் தளத்தின் தரை 3.00-இல் நிற்கிறது. மேலே 5.90, சுருக்கி 0.10. மொத்தம் 9.00. ஆகவே ஸ்டில்ட்டா இல்லையா என்று முதலில் முடிவு செய்யுங்கள், அறை அளவெல்லாம் அப்புறம். தண்ணீர் நிற்கும் தெரு என்றால் நான் ஸ்டில்ட் பக்கம்தான். கார் நனைந்தாலும் படுக்கை நனையாது.

ஹெட்ரூம், லிஃப்ட் அறை, தொட்டி ஆகியவை உயரத்தில் சேராது, ஆனால் எல்லாம் கூட்டி மொட்டை மாடிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் விடும் உயரமும் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் மாடி 700 சதுர அடி என்றால் 230 வரை. படிக்கட்டுக்கு 120 போனாலும் தாராளம். ஆனால் அந்த ஹெட்ரூமை நீட்டி பாத்ரூமோடு ஓர் அறை போட்டால் அது இன்னொரு தளம். எஃப்.எஸ்.ஐ.யிலும் (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) ஏறும், உயரத்திலும் ஏறும்.

வடசென்னை_மனை

நன்றி சார். ஸ்டில்ட் தரையை இரண்டடி தூக்கினால் தண்ணீர் உள்ளே வராது அல்லவா?

பதில் 2 – மட்டப்பலகை

வராது, காரும் வராது. எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் இரண்டடிக்குப் பதினாறடி நீள ராம்ப் வேண்டும். ராம்பைத் தெருவில் இறக்க அனுமதி இல்லை. கேட்டுக்கு உள்ளேயே பதினாறடி போனால் கார் சரிவில்தான் நிற்கும். ஓரடியோடு நிறுத்துங்கள். மோட்டார், மீட்டர் பெட்டி, ஸ்விட்சு எல்லாவற்றையும் நாலடிக்கு மேல் வையுங்கள். சம்ப் மூடியின் விளிம்பையும் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும்.

பதில் 3 – லைன்மேன்_நண்பன்

அண்ணே, லைன் விஷயம். 11 கே.வி.க்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி கட்டாயம். 11-க்கு மேல் 33 வரை என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர். அளக்க வேண்டியது சுவரிலிருந்து அல்ல, உங்கள் கட்டடத்தில் தெருப்பக்கம் அதிகம் துருத்தும் இடத்திலிருந்து: சன்ஷேடு, பால்கனி, கைப்பிடிக் கம்பி. கம்பி காற்றில் ஆடி உங்கள் பக்கம் வரும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தரைத்தள வீட்டுக்குத் தொந்தரவில்லாத லைன், ஸ்டில்ட் போட்டதும் முதல் மாடி பால்கனிக்கு நேராக வந்து நிற்கும். வரைபடத்தின் குறுக்குவெட்டில் கம்பத்தையும் கம்பியின் உயரத்தையும் வரையச் சொல்லுங்கள். லைனைத் தள்ளிப் போட மின்வாரியத்தில் விண்ணப்பித்துச் செலவை நீங்கள் கட்ட வேண்டும். அதைக் கடைக்கால் தோண்டும் முன்பே ஆரம்பியுங்கள். ரூஃப் கம்பி கட்டும் நேரத்தில்தான் விபத்து. நீளக் கம்பியை மேலே ஏற்றும்போது முனை லைனில் படும்.

இதைப் படிக்கும் மணலி, எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு: 33 கே.வி.க்கு மேல் ஒவ்வொரு 33-க்கும் 0.3 மீட்டர் கூட்ட வேண்டும், மீதி இருந்தால் அதற்கும் முழு 0.3. 110 கே.வி. என்றால் பக்கவாட்டில் 2.9, மேலே 4.6. 230 கே.வி. என்றால் 3.8, 5.5.

பதில் 4 – வரைபடக்காரர்

இரண்டு விஷயம் விட்டுப்போனது. கொருக்குப்பேட்டை என்றால் ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் மனை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும், இது உயரம் குறைவான வீட்டுக்கும் பொருந்தும். விமான நிலையக் கட்டுப்பாடு 9 மீட்டர் வீட்டுக்கு வடசென்னையில் தலைவலி இல்லை. அங்கே கணக்கு கடல்மட்டத்திலிருந்து, தொட்டி, ஆன்டெனா, இடிதாங்கி நுனிவரை. மாநகராட்சிக்கு விடுபடும் ஹெட்ரூம் அங்கே விடுபடாது.

அடுத்து, பத்திரத்தில் 20 அடி என்றால் 6.10 மீட்டர். இடத்தில் டேப் பிடித்தால் பத்தொன்பதரை, அதாவது 5.94 வருவது சகஜம். செட்பேக் அட்டவணையில் மனை அகலமும் கட்டட உயரமும் சேர்ந்துதான் வருகின்றன, அதுவும் மீட்டரில். நான்கு மூலையையும் அளந்து, பட்டாவோடு ஒப்பிட்ட பிறகே வரையச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது உயரம் ஏறுவது செங்கல் வரிசையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் பேஸ்மட்டத்தை ஏற்றினார் என்று இன்னும் இரண்டு வரிசை வைப்பார்கள், அதிலேயே 15 செ.மீ. போச்சு. அசையாத ஓர் இடத்தில், கல்வெர்ட் சுவரோ கம்பமோ, சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் சென்ட்ரிங் அடித்ததும் டியூப் லெவலில் அந்தக் கோட்டிலிருந்து அளந்து பாருங்கள். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் என்றால் முட்டுக் கம்புகளை இறக்கிச் சரிசெய்துவிடலாம்.

வடசென்னை_மனை

ஸ்டில்ட் + 2 என்றே முடிவு. தண்டவாளம் தெருக்கோடியில் இருக்கிறது, 30 மீட்டரை நாளைக்கே அளக்கிறேன்.