‘சிகிச்சை இடைநிறுத்தம்’: ஒப்புதல் படிவத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

எச்.ஐ.வி. தொற்றை அறவே நீக்கும் வழி தேடும் ஆய்வொன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். வைரஸ் பெருகாமல் தடுக்கும் ஏ.ஆர்.டி. மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்கள், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்துவார்கள். வைரஸ் திரும்புகிறதா, எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘பகுப்பாய்வுச் சிகிச்சை இடைநிறுத்தம்’ என்று வருகிறது. கையொப்பமிடுபவருக்கு இது விளங்குமா?

— மொழிபெயர்ப்பாளர்

*

‘பகுப்பாய்வு’ இங்கே எதையும் பகுக்கவில்லை, அதை விட்டுவிடலாம். ‘இடைநிறுத்தம்’ செம்மையான சொல். நில் தன்வினை, நிறுத்து பிறவினை. ஆகவே நிற்றல் தானாக நிகழ்வது, நிறுத்தல் ஒருவர் முடிவெடுத்துச் செய்வது. பழைய உரைகளில் வரும் ‘இடையீடு’ இதனினும் அழகு என்றாலும், இன்றைய மருத்துவ எழுத்தில் அது தலையீட்டைக் குறிக்கப் போய்விட்டது. ‘இடை’ என்பதையும் எண்ணிப் பாருங்கள். இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும், தனக்கென இயல்பில்லாதது என்கிறது தொல்காப்பியம். அதுபோல, முன்னும் பின்னும் மருந்து இருந்தால்தான் இது இடை. மருந்து மீண்டும் தொடங்கும் என்ற உறுதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

— தமிழாசிரியர்

*

ஐயா, அந்த உறுதி உங்களுக்குக் கேட்கிறது. பல ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. எடுத்துவரும் எனக்குக் கேட்கவில்லை. ‘இடைநிற்றல்’ என்பது படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு வழங்கும் சொல். ‘இடைநிறுத்தம்’ என்றதும் எங்களுக்கு அந்தக் குறைதான் நினைவுக்கு வரும். ஒரு வேளையும் தவறக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்களே இப்போது நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு, சிடி4 என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தியும் தொடங்கியும் வந்தவர்களுக்கு நோயும் இறப்பும் கூடுதல் என்று காட்டியதை எங்களில் மூத்தவர்கள் மறக்கவில்லை.

இப்போதைய ஆய்வுகள் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கின்றன, வைரஸ் அளவு வரம்பைத் தாண்டியதும் மருந்தைத் தொடங்குகின்றன என்பது உண்மையே. ஆனாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்புகிறது. கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது என்பது நாங்கள் பெற்ற பெரிய நிம்மதி. மருந்தை நிறுத்தும்போது அந்த நிம்மதியையும், இணையரின் பாதுகாப்பையும் சேர்த்தே பணயம் வைக்கிறோம். தனக்குப் பயன் கிடைக்காவிட்டாலும் பின்னால் வருபவர்களுக்காகச் சேரத் துணிபவர்கள் எங்களிடையே உண்டு. அவர்களுக்கு ஆபத்தை மறைக்காத சொல் வேண்டும். எய்ட்ஸுடன் வாழ்ந்தவர்கள் 1983இல் அமெரிக்காவின் டென்வரில் கூடி, எங்களைப் ‘பலியானோர்’ என்று அழைக்காதீர்கள், முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். பெயரிடுவதும் ஒரு முடிவுதான்.

— மருந்து எடுத்துவருபவர்

*

‘மருந்து விடுமுறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆபத்தை இலேசாக்குகிறது, கூடாது. ‘மருந்திடைவெளி’ என்றால் இரு வேளை மருந்துக்கு நடுவிலுள்ள நேரம் என்றே செவிலியர் புரிந்துகொள்வார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வரைவில் வைரஸ் திரும்புவதை ‘வைரஸ் மீட்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நோயாளிக்கு மீட்சி என்றால் நலமடைதல். தயவுசெய்து ‘மீளெழுச்சி’ என்று மாற்றுங்கள்.

— மருத்துவர்

*

‘மீளெழுச்சி’ என்று மாற்றிவிட்டேன். மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘ஆய்வுக்கான தற்காலிக மருந்து நிறுத்தம்’ என்பதை ஏற்கிறார்கள். படிவத்தில் அதுவே போகிறது.

— மொழிபெயர்ப்பாளர்

*

அது சொல்லன்று, தொடர். கலைச்சொல் பட்டியலில் ‘இடைநிறுத்தம்’ இருக்கட்டும் என்பதே இன்னும் என் கருத்து.

— தமிழாசிரியர்

*

தொடராக இருப்பதில் எனக்குத் தடையில்லை. ‘தற்காலிக’ என்பதில்தான் தடை. எத்தனை வாரம், வைரஸ் எந்த அளவை எட்டினால் மருந்து மீண்டும் தொடங்கும், நானே கேட்டால் அன்றே தொடங்குவார்களா என்ற மூன்றும் அதே பத்தியில் எழுதப்படாவிட்டால் அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள்.

— மருந்து எடுத்துவருபவர்