தனுஷ்கோடி வரை: முத்தியால்பேட்டை காலைச் சவாரிக் குழு

சனிக்கிழமை

இளங்கோ, இரவு 8.12
எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் நீண்ட பயணம் ஒன்று போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோமே, இன்று உட்கார்ந்து வரைவு போட்டுவிட்டேன். நம் புதுச்சேரியிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை, கடலோரமாகவே. ஏறத்தாழ 500 கி.மீ., ஐந்து நாள். 2026 ஜனவரி 22 வியாழன் விடியலில் புறப்பட்டால் 26 திங்கள் மதியம் முனையில் நிற்கலாம். 27 அன்று ரயிலில் திரும்புகிறோம். தை அமாவாசை 18ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. ராமேஸ்வரத்தில் அந்தக் கூட்டம் இருக்காது.

இளங்கோ, இரவு 8.16
முதல் நாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி, 120 கி.மீ. போல வரும். இரண்டாம் நாள் காரைக்கால், நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம், 90க்குள். மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா, மணமேல்குடி. அது 120. நான்காம் நாள் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், 100. கடைசி நாள் பாம்பன் பாலம் ஏறி முனை வரை 75.

அமீர், இரவு 8.19
அருமை! ஆனால் ஐந்து நாள் எதற்கு அண்ணா? மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் நான்கு நாளே போதும். ஒரு நாள் விடுப்பு மிச்சம்.

ஜோசப் அண்ணன், இரவு 8.27
தை மாதம் டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும், தம்பி. சிதம்பரம் தாண்டினால் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். வைக்கோல் போய்ச் செயினில் சுற்றிக்கொள்ளும். அங்கே 25ஐ மறந்துவிடு. இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் இடமும் வரும். அவர்கள் ஆறு மாத உழைப்பு அது.

ரேவதி, இரவு 8.41
இப்போதுதான் பணி முடிந்து வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். எனக்கும் வர ஆசைதான். ஆனால் சேர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ரேவதி, இரவு 8.49
போன வருடம் மாமல்லபுரம் போனபோது மரக்காணம் உப்பளத்தின் பக்கம் என் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. நீங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் தனியாக நின்றேன். நிழல் கிடையாது. இரண்டு பேர் பைக்கை நிறுத்தி "எங்கே போகிறாய், யாருடன் வந்தாய்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கைப்பேசியில் அழைத்தேன், ஓட்டும்போது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து, அவர்கள் போகும்வரை என் பக்கத்திலேயே நின்றார். இதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் இனி சைக்கிளையே தொடவிட மாட்டார்கள். 500 கி.மீ. ஓட்ட எனக்குக் காலில் பலம் இருக்கிறது. இன்னொரு முறை அப்படி நிற்க மட்டும் முடியாது.

அமீர், இரவு 8.58
அன்று முன்னால் போனவன் நான்தான். மாமல்லபுரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். டியூப் மாற்ற நேரமாகிவிட்டது என்று மட்டும்தான் நீங்கள் சொன்னீர்கள், நானும் அதற்குமேல் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா. உண்மையாகவே வருந்துகிறேன்.

இளங்கோ, இரவு 9.03
ஏற்பாடு செய்தவன் நான். பொறுப்பும் என்னுடையதுதான், ரேவதி. யார் பின்னால் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் ஒரு குழுவை அழைத்துப் போனேன். இந்த முறை முதலில் அதை முடிவு செய்வோம். தங்குமிடம், சாப்பாடெல்லாம் பிறகு.

தணிகாசலம் மாமா, இரவு 9.20
பிள்ளைகளே, உங்கள் பேச்சின் நடுவே வருகிறேன். நானும் வரலாமா என்று கேட்கத்தான் ஒரு மணி நேரமாகத் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 63 வயது. என்னிடம் கியர் சைக்கிள் கிடையாது. தபால் வேலையில் ஓட்டிய அதே 22 அங்குல வண்டிதான். மணிக்கு 14 கி.மீ. போவேன். ஆனால் நாள் முழுவதும் போவேன்.

தணிகாசலம் மாமா, இரவு 9.27
தனுஷ்கோடி என்று பார்த்ததும் மனம் கேட்கவில்லை. 1964 டிசம்பர் புயலுக்கு முன் அங்கே ரயில் நிலையம் இருந்தது, சர்ச் இருந்தது, தபால் நிலையமும் இருந்தது. எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்து அங்கே இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். இலங்கைக்குப் போகிற கடிதங்களும் அந்த வழியாகத்தான் கடலைத் தாண்டின. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த தபால்காரர் இதை எனக்குச் சொன்னார். தபால் நிலையம் இருந்த அந்த இடத்தில் ஒருமுறை போய் நிற்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. பஸ்ஸில் போயிருக்கலாம். சைக்கிளில்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அமீர், இரவு 9.31
மாமா, நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும். ஆனால் அந்த வண்டியில் 500 கி.மீ. என்றால் நடுவழியில் ஏதாவது உடைந்தால்?

ஜோசப் அண்ணன், இரவு 9.40
அமீர், உடைந்தால் சிரமப்படப்போவது உன் வண்டிதான். உன் டியூபில் இருப்பது மெலிந்த வால்வு. மீமிசலிலோ கோட்டைப்பட்டினத்திலோ சைக்கிள் கடையில் இருக்கும் பம்பு அதற்குப் பொருந்தாது. மாமா வண்டிக்கு எந்த ஊரிலும் காற்று அடிக்கலாம், கம்பி பிரேக்குக்குக் கட்டை கிடைக்கும், ஆரக்கம்பி கிடைக்கும். உன்னுடையதற்கு நாமேதான் பம்பு, மாற்று டியூப் இரண்டு, வால்வுக்கு மாட்டும் பித்தளைத் திருகு எல்லாம் சுமக்க வேண்டும்.

ஜோசப் அண்ணன், இரவு 9.52
இன்னொன்று. இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். தொண்டிக்குத் தெற்கே சீமைக் கருவேலங்காடு. சாலை ஓரத்தில் முள் கிடக்கும். விறகு ஏற்றிப் போகும் டிராக்டரிலிருந்தும் விழும். அந்த முள் டயருக்குள் போய் முறிந்து நின்றுவிடும். வெளியே கறுப்பாக ஒரு புள்ளி, கடுகு அளவுதான். தார் என்று நினைப்போம். புது டியூப் போட்டுக் காற்று அடித்து அரைக் கிலோமீட்டர் போவதற்குள் அதே இடத்தில் மறுபடி குத்தும். என் கடைக்கு மூன்று டியூப் வீணாக்கிவிட்டு வந்தவர்கள் உண்டு. டயரைக் கழற்றியதும் ஒரு துண்டுப் பஞ்சை உட்புறம் வைத்து மெதுவாகச் சுற்றிலும் இழுங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே முள். விரலால் தடவாதீர்கள், நகத்துக்குள் ஏறும். குறடால் உள்பக்கமாக இழுத்து எடுங்கள். ஒவ்வொருவர் பையிலும் பஞ்சும் குறடும் இருக்க வேண்டும்.

ரேவதி, இரவு 9.58
ஜோசப் அண்ணன், அதை எனக்கு நேரில் செய்து காட்டுங்கள். நானே என் கையால் செய்யப் பழக வேண்டும்.

ஜோசப் அண்ணன், இரவு 9.59
நாளை மதியம் கடைக்கு வாம்மா.

இளங்கோ, இரவு 10.10
ஐந்து நாள்தான். நான்கு கிடையாது. மாமாவின் 14ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். 120 கி.மீ. நாளில் சக்கரத்தின் மேல் எட்டரை மணி நேரம். காலை 5.30க்குக் கிளம்பி, வெயில் ஏறியதும் இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தாலும் மாலை ஐந்துக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். மாமா முன்னால். அவர் வேகம்தான் எல்லோர் வேகமும். அவரை யாரும் தாண்டக் கூடாது.

அமீர், இரவு 10.12
கடைசியில் நான் வருகிறேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பம்பு, டியூப் பை எல்லாம் என்னிடமே இருக்கட்டும்.

ரேவதி, இரவு 10.15
அப்படியென்றால் நான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கௌரி அத்தை, காலை 6.05
இளங்கோ தம்பி, நேற்று இரவு இவர் தூங்கவே இல்லை. பரணில் இருந்த பழைய காக்கிப் பையை இறக்கித் தட்டிக்கொண்டிருந்தார். 63 வயதில் இது தேவையா என்று கேட்டேன், பதிலே இல்லை. போகட்டும். ஆனால் இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை மாத்திரையை மறந்துவிடுவார். யார் பார்த்துக்கொள்வீர்கள்?

ரேவதி, காலை 6.22
நான் பார்த்துக்கொள்கிறேன் அத்தை. ஆனால் போகுமுன் மாமா மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாள் முழுவதும் வியர்த்தால் அழுத்தம் இறங்கலாம். மாத்திரை அளவு மாற வேண்டுமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு குடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். மற்றவர்களைப் போல மாமா தாமாக எதையும் குடிக்கக் கூடாது.

கௌரி அத்தை, காலை 6.25
இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை அழைத்துப் போகிறேன்.

கௌரி அத்தை, காலை 6.31
திருக்கடையூரைத் தாண்டித்தானே போகிறீர்கள்? எங்கள் அறுபதாம் கல்யாணம் அங்கேதான் நடந்தது. அபிராமி சந்நிதியில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். வியர்வைச் சட்டையோடு போகச் சொல்லாதீர்கள், மாற்று வேட்டி கொடுத்தனுப்புகிறேன்.

இளங்கோ, காலை 6.40
நிச்சயம் அத்தை. அங்கிருந்து தரங்கம்பாடி அரை மணி நேரம்தான். இருட்டுவதற்குள் போய்விடலாம்.

அமீர், காலை 7.02
மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு அதிராம்பட்டினத்தில் எங்கள் ராத்தா வீட்டில். பேசிவிட்டேன். ஐந்து பேர் என்றதும் "பத்துப் பேருக்குச் சமைக்கிறேன், சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பசி இரட்டிப்பு" என்றார். மாமாவுக்குச் சைவம் தனியாக வைக்கச் சொல்லிவிட்டேன்.

தணிகாசலம் மாமா, காலை 7.15
ராத்தாவுக்கு என் நன்றியைச் சொல் அமீர். சாம்பார் சோறு போதும், சிரமப்பட வேண்டாம்.

ஜோசப் அண்ணன், காலை 7.30
நான் 2018இல் கஜா புயல் முடிந்த வாரம் வேதாரண்யம் பக்கம் அரிசி மூட்டையோடு போனேன். வேட்டைக்காரனிருப்பு வரை தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அந்த வழி போகவில்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்த வீட்டை அடையாளம் தெரிந்தால் நிறுத்துவேன்.

இளங்கோ, காலை 7.48
வேதாரண்யத்தில் உப்பு சத்தியாகிரக நினைவிடத்துக்குப் போகலாம். 1930இல் ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டவர்கள் 28 அன்று அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில், நடந்தே. வழியில் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் ஆட்சியர் மிரட்டியும் மக்கள் போட்டார்கள். நமக்கு நேரம் இருந்தால் கோடியக்கரை வரை போய்ப் பறவைகளையும் பார்க்கலாம், அது வலசைக் காலம்.

இளங்கோ, காலை 8.01
இனி காற்று. தையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். தெற்கே போகிற நமக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல. இதே பயணத்தை ஆனியில் போனால் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் காற்று நெஞ்சில் அடிக்கும். அதனால்தான் ஜனவரி. ஆனால் கடைசி நாள் மண்டபத்திலிருந்து கிழக்கே திரும்புகிறோம். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் உயரம், இரண்டு பக்கமும் திறந்த கடல். நாம் இடது ஓரம் போவோம், காற்று இடது முன்பக்கமிருந்து அடித்து வலப்பக்கம், அதாவது வண்டிகள் வரும் பக்கம் தள்ளும். பாலத்தில் ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளி விட்டு. காற்று பலமாக இருந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம். படம் எடுக்க நடுவில் நிற்பது கிடையாது.

அமீர், காலை 8.04
சரி அண்ணா. படம் அரிச்சல்முனையில்.

ரேவதி, காலை 8.20
ஜனவரி விடியலில் பனி இருக்கும். 5.30க்கு இருட்டுதான். பின் விளக்கு எரியாத வண்டி கிளம்பக் கூடாது. மாமா வண்டியில் விளக்கு இருக்கிறதா?

தணிகாசலம் மாமா, காலை 8.26
டைனமோ இருக்கிறது அம்மா, எரிகிறது. ஆனால் அது முன்பக்கம் மட்டும். பின்னால் சிவப்புச் சில்லுதான்.

ஜோசப் அண்ணன், காலை 8.33
அண்ணா, வண்டியை இன்று மதியமே கொண்டுவாருங்கள். பின் விளக்கு மாட்டிவிடுகிறேன். பெடல் கோலிகள், அச்சு எல்லாம் கழற்றி கிரீஸ் போட வேண்டும். பிரேக் கட்டை நான்கும் புதிது. காசு பேசாதீர்கள். என் அப்பா கடைக்கு நீங்கள் கொண்டுவந்த மணியார்டரை நான் மறக்கவில்லை.

இளங்கோ, காலை 8.50
திரும்பி வர ராமேஸ்வரம் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் போனால் ஏற்ற மாட்டார்கள். 26 இரவு அங்கேயே தங்கி, 27 காலை முதல் வேலையாகக் கொடுத்துவிடுவோம். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, செயின் பக்கம் அட்டை கட்டி, பெயரும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்ட வேண்டும்.

தணிகாசலம் மாமா, காலை 8.55
முகவரி எழுதுவதை என்னிடம் விடுங்கள்.

இளங்கோ, காலை 8.57
அதை நீங்கள்தான் எழுத வேண்டும் மாமா.

இளங்கோ, காலை 9.10
அடுத்த ஞாயிறு முதல் வாரம் ஒருமுறை பழக்கச் சவாரி. முதல் சவாரி எங்கே?

ரேவதி, காலை 9.14
மரக்காணம். அந்த அம்மாவைத் தேடிப் பார்க்க வேண்டும். அன்று பதற்றத்தில் பெயர் கூடக் கேட்கவில்லை.

கௌரி அத்தை, காலை 9.16
புளியோதரை கட்டித் தருகிறேன். அந்த அம்மாவுக்கும் சேர்த்து.

தணிகாசலம் மாமா, காலை 9.18
ஞாயிறு காலை 5 மணி, மணிக்கூண்டு அருகில். நான் முன்னால்.

அமீர், காலை 9.18
நான் கடைசியில்.