எங்கட வீட்டாக்கள்

பெரியம்மா: [படம்] கூறைச்சேலையும் பயற்றம் பணியாரமும் கட்டியாச்சு. நாளைக்குக் காலமை அனுப்புகிறேன். ஸ்ருட்காட் விலாசம் சரியா, பாருங்கோ.

சின்னவள்: ஐயோ பெரியம்மா! பெட்டியில் கறுப்பு மையால் ஏன் 'கிஃப்ட்' என்று எழுதினீங்கள்?

பெரியம்மா: அன்பளிப்பு என்று தெரியட்டும் என்றுதான். மாமிதான் சொன்னா.

மாமி: நான் கனடாப் பெட்டிக்குச் சொன்னது.

சின்னவள்: இங்கே ஜேர்மனில் அது நஞ்சு.

பெரியம்மா: என்ன நஞ்சு? ராமுழுக்க இருந்து பயறு வறுத்தனான்!

ஒஸ்லோ சித்தப்பா: அக்கா, பயற்றில் பிழையில்லை. ஆங்கிலம், ஜேர்மன் இரண்டிலும் இந்தச் சொல் 'கொடு' என்ற வினையிலிருந்து வந்தது. கிரேக்கர் மருந்தின் அளவை 'டோசிஸ்' என்றார்கள். அதற்கும் கொடுத்தல் என்றே பொருள், நாங்கள் சொல்லும் டோஸ் அதுதான். அதைப் பார்த்து ஜேர்மன்காரரும் கொடுக்கும் மருந்தைக் கிஃப்ட் என்றார்கள். பிறகு, கொல்லக் கொடுப்பதை நேரே சொல்லக் கூசி அதையும் அப்படியே சொன்னார்கள். கடைசியில் நஞ்சு மட்டும் மிஞ்சிவிட்டது.

அத்தான்: எலிமருந்து மாதிரி.

ஒஸ்லோ சித்தப்பா: அதேதான்! நாங்களும் நஞ்சை மருந்து என்கிறோம். நோர்வேயில் இன்னும் விசேஷம். அதே எழுத்து, வாசிப்பது 'யிஃப்ட்'. நஞ்சும் அதுதான், கல்யாணமானவர் என்பதும் அதுதான். வந்த புதிதில் ஒரு படிவத்தில் 'யிஃப்ட்', 'ஊயிஃப்ட்' என்று இரண்டு கட்டம். எதில் புள்ளடி போடுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் இருந்தேன்.

சித்தி: நான்தான் போட்டேன்.

ஒஸ்லோ சித்தப்பா: ஓம். பெண் கொடுத்தோம் என்கிறோமே, அந்தக் கொடுத்தல்தான் இது. பழைய ஆங்கிலத்திலும் கிஃப்ட் என்றால் பெண்ணுக்காகக் கொடுக்கும் பணம்.

சின்னவள்: ஜேர்மனில் சீதனம் 'மிட்கிஃப்ட்'. கூடக் கொடுத்துவிடுவது. அதில் மட்டும் பழைய பொருள் அப்படியே இருக்கு.

மாமி: சீதனம் என்றதும்தான் ஞாபகம் வருது. கொக்குவில் வளவு உறுதி யாரிட்ட இருக்கு?

பெரியம்மா: கல்யாணம் முடியட்டும் பிள்ளை.

மாமி: இதோட நாலு கல்யாணம்.

அத்தான்: பணியாரத்துக்குச் சீனியா சர்க்கரையா?

பெரியம்மா: சர்க்கரை.

சின்னவள்: பெரியம்மா, 'கெஷெங்க்' என்று எழுதுங்கோ. எழுத்து அனுப்புகிறேன்.

ஒஸ்லோ சித்தப்பா: அதற்கும் ஒரு கதை இருக்கு! குடிக்க வார்த்துக் கொடுப்பது என்பதிலிருந்து...

சித்தி: சாப்பாடு ஆறுது, வாங்கோ.

பெரியம்மா: மேலே வெள்ளைப் பேப்பர் ஒட்டவா, வேறு பெட்டி எடுக்கவா?

அத்தான்: ஒட்டுங்கோ.

சின்னவள்: வேறு பெட்டி.

மாமி: உறுதி?